கொலம்பியா பல்கலைக்கழகமும் மேற்கு ஹார்லெம் 17 ஏக்கரும்: காலி பண்ணினது யார்?

ஹட்சன்காற்று:
வேறொரு இழையில் ஒருவர், "பல்கலைக்கழகம் என்றால் வளரத்தான் செய்யும், நல்ல விலை கொடுக்கிறார்கள், வாங்கிக்கொண்டு போகவேண்டியதுதானே" என்று எழுதியிருந்தார். அங்கே பதில் எழுதினால் பேச்சு வேறு திசைக்குப் போய்விடும், அதனால் தனி இழை.

எனக்கு ஓரளவு தெரிந்த கதை நியூயார்க் மேற்கு ஹார்லெமில் உள்ள மேன்ஹாட்டன்வில். மன்ஹாட்டனில் 125ஆம் தெருவிலிருந்து 133ஆம் தெரு வரை, பிராட்வேக்கும் பன்னிரண்டாம் அவென்யூவுக்கும் நடுவில் கிடக்கும் 17 ஏக்கர். மேலே இரும்பு வளைவுப் பாலத்தில் ஒன்றாம் நம்பர் ரயில் ஓடும். கீழே கார் மெக்கானிக் ஷெட், கிடங்கு, இறைச்சி மொத்த வியாபாரம், பெட்ரோல் பங்க். அழகான இடம் என்று யாரும் சொல்லமாட்டார்கள், ஆனால் தொழில் நடந்த இடம்.

2003ல் கொலம்பியா பல்கலைக்கழகத்தின் அப்போதைய தலைவர் லீ பொலிஞ்சர் அங்கே புதிய வளாகம் கட்டும் திட்டத்தை அறிவித்தார். கிட்டத்தட்ட 68 லட்சம் சதுர அடி, 630 கோடி டாலர், முப்பது வருஷத்துக்குப் போதுமான இடம். அறிவிப்புக்கு முன்பே இடங்களை வாங்க ஆரம்பித்தாயிற்று. நகர மன்றம் 2007 டிசம்பரில் ஸோனிங்கை (எந்த இடத்தில் என்ன கட்டலாம் என்ற விதியை) மாற்றிக் கொடுத்தது. அந்தச் சமயத்தில் ஏறக்குறைய முழுப் பகுதியும் கொலம்பியா கையில்தான். விற்க மறுத்தவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள். அதில் ஒருவர் நிக் ஸ்ப்ரேரீகன், 'டக் இட் அவே' என்ற வாடகைக் கிடங்குக் கம்பெனி நடத்தியவர். இன்னொன்று பெட்ரோல் பங்க் வைத்திருந்த ஒரு சீக்கியக் குடும்பம்.

இங்கேதான் என் பிரச்சினை. மறுப்பவரிடமிருந்து நிலத்தை எடுக்க அரசு வரவேண்டும். அரசு வர, இடம் 'சீரழிந்த பகுதி' என்று அறிவிக்கப்படவேண்டும். அந்த ஆய்வு நடந்தபோது அங்கே பெரும்பாலான கட்டடங்களுக்குச் சொந்தக்காரர் யார்? கொலம்பியா. வாடகைக்காரர்களை வெளியேற்றியது யார்? கொலம்பியா. காலிக் கட்டடம், ஒழுகும் கூரை, ஆள் நடமாட்டம் இல்லாத தெரு என்று படம் எடுத்து அறிக்கை எழுதி, "பாருங்கள், சீரழிந்து கிடக்கிறது, மிச்சமிருப்பதையும் எடுத்துக் கொடுங்கள்" என்றால் அதற்கு என்ன பெயர்?

விலை நல்ல விலையா என்பது வேறு கேள்வி. நான் கேட்பது நடைமுறையைப் பற்றி.

கணக்குப்புலி:
சரி, எதிர்ப்பக்கம் பேச யாராவது வேண்டுமே, நான் பேசுகிறேன்.

முதலில், கொலம்பியாவுக்கு உண்மையிலேயே இடம் இல்லை. பழைய வளாகம் இருக்கும் மார்னிங்சைட் ஹைட்ஸுக்கு 1897ல் வந்தவர்கள். ஒரு மாணவருக்கு இத்தனை சதுர அடி என்று கணக்குப் போட்டால் ஹார்வர்டு, யேல், பிரின்ஸ்டனோடு ஒப்பிடவே முடியாது. ஊருக்கு நடுவில் இருக்கும் பல்கலைக்கழகம் எங்கே போகும்? ஆற்றுக்குள்ளா?

ரெண்டாவது, ஸ்ப்ரேரீகனை ஏதோ குடிசையைக் காப்பாற்றப் போராடிய ஏழை மாதிரி எழுதாதீர்கள். அவர் ரியல் எஸ்டேட் முதலாளி. பக்கத்தில் கொலம்பியா வந்தால் தன் இடம் எவ்வளவு ஏறும் என்று அவருக்குத் தெரியாதா? கடைசி வரை பிடித்துக்கொண்டு நின்றால் கடைசி ஆளுக்குத்தான் கொழுத்த விலை. இந்த ஆட்டத்தை உடைக்கத்தான் கட்டாய நில எடுப்புச் சட்டமே இருக்கிறது. பத்தில் ஒன்பது பங்கு நிலம் விருப்பப்பட்டு விற்கப்பட்டது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

மூன்றாவது, நரம்பியல் ஆராய்ச்சிக் கூடமும் கிடங்கும் ஒன்றா? ஊருக்கு எது வேண்டும்?

செவ்வந்தி:
கணக்குப்புலி சார், "விருப்பப்பட்டு விற்றார்கள்" என்பதில் எனக்குச் சிரிப்புதான் வருகிறது. உங்கள் பக்கத்துக் கடை, எதிர்க்கடை, பின்பக்கத்து ஷெட் எல்லாம் ஒரே ஆள் வாங்கிப் பூட்டிவிட்டான், 'நீங்களும் விற்காவிட்டால் அரசு எடுக்கும்' என்ற பேச்சு காற்றில் இருக்கிறது, வாடிக்கையாளர் வருவது குறைந்துவிட்டது. அப்போது போடும் கையெழுத்துக்கு விருப்பம் என்றா பெயர்?

நான் கொஞ்ச காலம் ஹார்லெமில் வாடகைக்கு இருந்தவள். அங்கே வயதானவர்களிடம் கொலம்பியா என்று சொன்னாலே 1968தான் வரும். மார்னிங்சைட் பூங்காவில் ஜிம் கட்டப் போனார்கள். பூங்கா ஊராருடையது, மேட்டில் பல்கலைக்கழகம், பள்ளத்தில் ஹார்லெம். மாணவர்களுக்கு மேலே ஒரு வாசல், ஊர்க்காரர்களுக்குக் கீழே தனி வாசல், உள்ளேயும் அவர்களுக்குச் சின்னப் பங்குதான். கறுப்பின மக்களுக்குப் பின்வாசலா என்று வெடித்தது. ஏப்ரலில் மாணவர்கள் ஹாமில்டன் ஹால் முதலிய கட்டடங்களைப் பிடித்துக்கொண்டார்கள், போலீஸ் வந்து 700 பேருக்கு மேல் கைது. ஜிம் திட்டம் செத்தது. அந்தப் போராட்டத்துக்கு வியட்நாம் போரும் காரணம், ஆனால் ஹார்லெம்காரர்களுக்கு நினைவிருப்பது ஜிம்தான்.

அதற்கு முன்னால், மார்னிங்சைட் ஹைட்ஸில் ஒற்றை அறை வாடகை விடுதிகளை வாங்கி வாங்கி ஆட்களைக் காலி செய்த கதை தனி. கறுப்பினத்தவர், புவெர்த்தோ ரிக்கோக்காரர்கள், ஏழை வெள்ளைக்காரர்கள் என்று ஆயிரக்கணக்கானவர்கள் போனார்கள். அவர்கள் யாரும் நிலச்சொந்தக்காரர்கள் இல்லை, அதனால் வழக்கும் இல்லை, பெயரும் பதிவாகவில்லை.

2007ல் அந்த வட்டாரக் குழுவான கம்யூனிட்டி போர்டு 9 இந்தத் திட்டத்தை 32க்கு 2 என்று நிராகரித்ததே, அது ஏன் என்று புரிய இந்தப் பின்னணி வேண்டும். அவர்கள் வேண்டவே வேண்டாம் என்றும் சொல்லவில்லை. சொந்தமாக ஒரு திட்டமே எழுதி வைத்திருந்தார்கள், தொழிற்கூடங்களும் இருக்கட்டும், பல்கலைக்கழகமும் வரட்டும், யாரையும் கட்டாயப்படுத்தி எடுக்கவேண்டாம் என்று. நகர மன்றம் அன்றைக்கே இரண்டையும் அங்கீகரித்தது! முட்டிக்கொள்ளும் இடத்தில் கொலம்பியா திட்டம்தான் செல்லும். போர்டின் முடிவு வெறும் ஆலோசனை, அவ்வளவுதான் அதன் பலம்.

பாதி வக்கீல்:
வழக்கைப் பற்றி யாரும் சொல்லவில்லை, அதுதான் இதில் சுவாரசியமே. நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நிலத்தை எடுக்கும் அதிகாரம் எம்பயர் ஸ்டேட் டெவலப்மென்ட் கார்ப்பரேஷன் என்ற மாநில அமைப்புக்கு. 1968ல் போட்ட சட்டப்படி அதற்கு இரண்டு வழி. ஒன்று, இடம் சீரழிந்தது என்று காட்டுவது. இன்னொன்று, 'குடிமைத் திட்டம்', அதாவது கல்வி, கலை மாதிரி பொதுப் பயன்பாட்டுக்கு என்று காட்டுவது. 2008 டிசம்பரில் இரண்டையும் சொல்லித் திட்டத்துக்கு ஒப்புதல் கொடுத்தார்கள்.

சீரழிவு ஆய்வு செய்த நிறுவனம் ஏகேஆர்எஃப். அதே நிறுவனம் அதே திட்டத்துக்குக் கொலம்பியாவுக்கும் வேலை பார்த்துக்கொண்டிருந்தது. ஸ்ப்ரேரீகன் தகவல் உரிமைச் சட்டத்தில் ஆவணங்களைக் கேட்டு, கொடுக்க மறுத்ததும் அதற்கே தனியாக வழக்குப் போட்டு, நீதிமன்றமே இந்த இரட்டை உத்தியோகத்தைக் கண்டித்தது. பிறகு எர்த் டெக் என்ற இன்னொரு நிறுவனத்தை வைத்து மறு ஆய்வு. அதுவும் அதே முடிவு. வேறு என்ன வரும், அதற்குள் இன்னும் கொஞ்சம் காலியாகியிருந்ததே.

2009 டிசம்பர் 3, மாநிலத்தின் இடைநிலை நீதிமன்றமான மேல்முறையீட்டுப் பிரிவு 3க்கு 2 என்று உரிமையாளர்கள் பக்கம் தீர்ப்புச் சொன்னது. முக்கியமாக எழுதியவர் நீதிபதி ஜேம்ஸ் கேட்டர்சன். சீரழிவு என்று முத்திரை குத்தியது வெறும் சொற்சாதுரியம் என்கிற அளவுக்குப் போனார். கொலம்பியா வாங்கத் தொடங்குமுன் அங்கே சீரழிவு இருந்ததற்கு ஆதாரம் எங்கே என்று கேட்டார். ஹட்சன்காற்று மேலே கேட்டதேதான். தனியார் பல்கலைக்கழகத்தின் விரிவாக்கம் குடிமைத் திட்டம் ஆகாது என்றும் சொன்னார்.

ஆனால் அந்தத் தீர்ப்பு பிறக்கும்போதே நோஞ்சான். ஒன்பது நாளைக்கு முன்புதான் மாநிலத்தின் உச்சபட்ச நீதிமன்றமான கோர்ட் ஆஃப் அப்பீல்ஸ், புரூக்ளின் அட்லாண்டிக் யார்ட்ஸ் வழக்கில் (கூடைப்பந்து அரங்கத்துக்காக வீடுகளை எடுத்த விவகாரம்) சீரழிவா இல்லையா என்று தீர்மானிப்பது அரசு அமைப்பின் வேலை, நியாயமான மனிதர்கள் இரண்டு விதமாகப் பார்க்க இடம் இருந்தால் நீதிமன்றம் கை வைக்காது என்று சொல்லியிருந்தது. 2010 ஜூன் 24ல் அதே நீதிமன்றம் கொலம்பியா வழக்கிலும் அதையே சொல்லித் தீர்ப்பைப் புரட்டிப் போட்டது. எழுதியவர் நீதிபதி கார்மென் சிபாரிக். கல்வி பொதுப் பயன்தான், தனியார் பல்கலைக்கழகமானாலும் குடிமைத் திட்டம்தான் என்று அதையும் சேர்த்து. டிசம்பரில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் எடுத்துக்கொள்ள மறுத்தது. கதை முடிந்தது. சட்டப் புத்தகங்களில் இது கவுர் வழக்கு, பெட்ரோல் பங்க் குடும்பத்தின் பெயரில்.

2005ல் கனெக்டிகட் மாநிலத்து நியூ லண்டன் ஊரைப் பற்றிய கீலோ வழக்கில் 5க்கு 4 என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம், ஊரின் பொருளாதார வளர்ச்சிக்காகத் தனியார் வீட்டை எடுத்து இன்னொரு தனியாருக்குக் கொடுக்கலாம் என்றது ஞாபகம் இருக்கும். நாடே கொந்தளித்து நாற்பதுக்கும் மேற்பட்ட மாநிலங்கள் சட்டத்தை ஏதோ ஒரு அளவு இறுக்கின. நியூயார்க் அசையவில்லை. அந்த நியூ லண்டன் நிலம் பிறகு வருஷக்கணக்கில் புல் முளைத்துக் கிடந்தது, பக்கத்தில் இருந்த ஃபைசர் மருந்துக் கம்பெனியும் போய்விட்டது.

தாராபுரத்தான்:
படிக்கப் படிக்க நம்ம ஊர் ஞாபகம்தான். எங்கள் பக்கத்தில் ஒரு கல்லூரி (பெயர் வேண்டாம்) சுற்றியுள்ள காடு தோட்டத்தையெல்லாம் ஒவ்வொன்றாக வாங்கி, நடுவில் ஒருவர் மட்டும் கொடுக்கமாட்டேன் என்று நிற்க, அவருடைய வண்டிப்பாதைக்கு ரெண்டு பக்கமும் கம்பிவேலி போட்டு கேட்டும் வைத்துவிட்டார்கள். பருத்தி எடுக்க ஆள் கூட்டிப்போக வாட்ச்மேனிடம் பெயர் எழுதிவிட்டுப் போகவேண்டும். வக்கீல் அண்ணா, இந்தியாவில் தனியார் கல்லூரிக்காக அரசாங்கமே நிலம் எடுத்துக் கொடுக்க முடியுமா?

பாதி வக்கீல்:
தம்பி, சுருக்கமாகச் சொல்கிறேன். 2013ஆம் வருஷத்து நில எடுப்புச் சட்டத்தில் 'பொது நோக்கம்' எது என்ற வரையறையிலேயே உள்கட்டமைப்புத் திட்டங்களைச் சொல்லிவிட்டு, தனியார் மருத்துவமனை, தனியார் கல்வி நிறுவனம், தனியார் ஹோட்டல் நீங்கலாக என்று எழுதியிருக்கிறார்கள். 2014 கடைசி நாளில் வந்த அவசரச் சட்டம் இதில் மருத்துவமனையையும் கல்வி நிறுவனத்தையும் அந்த விலக்கிலிருந்து எடுக்கப் பார்த்தது. எதிர்ப்பு கிளம்பி 2015ல் அது காலாவதியானது. ஆக, இந்த ஒரு விஷயத்தில் தாளில் பார்த்தால் நியூயார்க்கைவிட நம் சட்டம் கறார்.

உங்கள் ஊர்க்காரருக்கு இது உதவாது, அங்கே அரசு எடுக்கவே இல்லையே. பாதை பழைய பாதை என்றால் சர்வே வரைபடத்தில் இருக்கும், பத்திரத்தில் பாதை உரிமை எழுதியிருக்கும். எடுத்துக்கொண்டு சிவில் வழக்குதான். சீக்கிரம் போகச் சொல்லுங்கள், பயன்படுத்தாமல் விட்டால் சிக்கல்.

கணக்குப்புலி:
> "காலி பண்ணினது யார்"

தலைப்பே ஒரு பக்கமாக இருக்கிறது, இருக்கட்டும். ஆனால் ஒன்றை யாரும் தொடவில்லை. கொலம்பியா ஏன் மொத்தத்தையும் கேட்டது? பேராசை மட்டும் என்று சொல்வது சுலபம். அவர்கள் திட்டத்தில் கட்டடங்களுக்குக் கீழே ஒன்றோடொன்று சேர்ந்த பெரிய நிலத்தடி அமைப்பு, 'பாத்டப்' (குளியல் தொட்டி) என்று சொல்வார்கள். சரக்கு லாரி, பார்க்கிங், இயந்திரங்கள் எல்லாம் மண்ணுக்கு அடியில். அப்போதுதான் மேலே தெருக்களை மூடாமல், மதில் கட்டாமல், ஊரோடு திறந்து வைக்க முடியும். நடுவில் ஒருவர் கிடங்கு வைத்திருந்தால் அந்தத் தொட்டி முழுசாக வராது. கட்டடக் கலைஞர் ரென்சோ பியானோ வரைந்த திட்டம். பழைய வளாகம் போல கேட் போட்டுப் பூட்டும் வளாகம் இல்லை இது, நீங்களும் நானும் குறுக்கே நடந்து போகலாம். 1923ல் கட்டிய ஸ்டூடபேக்கர் கார்த் தொழிற்சாலைக் கட்டடத்தை இடிக்காமல் வைத்துக்கொண்டார்கள். நரம்பியலுக்கு ஜெரோம் கிரீன் மையம், கலைக்கு லென்ஃபெஸ்ட், 2022ல் பிசினஸ் ஸ்கூலுக்கு இரண்டு கட்டடம். நகரத்துக்குச் சேர்ந்திருக்கிறதா இல்லையா?

குடியிருப்போரைக் கட்டாய எடுப்பில் வெளியேற்றக் கேட்கமாட்டோம் என்று முன்பே வாக்குக் கொடுத்தார்கள், எதிர்த்தது முழுக்க வணிக இடங்களின் முதலாளிகள்தான் என்பதையும் மறக்கவேண்டாம்.

ஹட்சன்காற்று:
தொட்டி வாதம் எனக்குத் தெரியும். அதில் ஒரு நெளிவு இருக்கிறது. எனக்கு ஒட்டுமொத்த நிலமும் வேண்டும் என்று எதைச் சொல்லி நிரூபிக்கிறாய்? நான் வரைந்த வரைபடத்தைக் காட்டி. அந்த வரைபடம் யாருடைய நிலத்தின் மேல்? அடுத்தவன் நிலத்தின் மேல். முதலில் அவனைத் தவிர்த்து வரைய முடியுமா என்று பார்த்தீர்களா என்று கேட்டால் பதில் கிடையாது. ஸ்ப்ரேரீகன் தன் இடத்தை அதே பகுதியில் வேறு இடத்துக்கு மாற்றிக்கொள்ளத் தயார் என்று வெளிப்படையாகவே சொன்னார். அவர் பணக்காரர் என்பதை நான் மறுக்கவில்லை, அதனால்தான் உச்ச நீதிமன்ற வாசல் வரை போக முடிந்தது. வழக்குப் போடக் காசில்லாத மெக்கானிக் ஷெட்காரர் 2004லேயே போய்விட்டார்.

இடமே இல்லை என்று அழும் இதே பல்கலைக்கழகம் ஒரு காலத்தில் ராக்ஃபெல்லர் சென்டர் நிற்கும் நிலத்துக்கே சொந்தக்காரர். குத்தகைக்கு விட்டுப் பல வருஷம் வாடகை வாங்கி, 1985ல் 40 கோடி டாலருக்கு விற்றார்கள். நிலம் என்றால் என்ன, காத்திருந்தால் அது என்ன ஆகும் என்று கொலம்பியாவுக்கு யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. "கடைசி வரை பிடித்து நின்று கொழுத்த விலை வாங்குகிறார்" என்று கிடங்குக்காரரைச் சொல்பவர்கள் இதையும் ஒரு நிமிஷம் யோசிக்கலாம்.

செவ்வந்தி:
கணக்குப்புலி சார் சொன்ன திறந்த வளாகத்தில் நான் நடந்திருக்கிறேன், கட்டடங்கள் நன்றாகவே இருக்கின்றன, அதில் சண்டை இல்லை. 125ஆம் தெருவில் வாடகை என்ன ஆனது என்றும் பார்க்கவேண்டும். வாக்குக் கொடுத்தது திட்ட எல்லைக்குள் குடியிருந்தவர்களுக்கு. எல்லைக்கு ரெண்டு தெரு தள்ளி இருப்பவரை வெளியேற்ற எந்த உத்தரவும் வேண்டாம், வீட்டுக்காரர் வாடகையை ஏற்றினால் போதும்.

அப்புறம் ஈட்டுத்தொகை. 2009ல் ஊரோடு ஒரு ஒப்பந்தம், மொத்தம் 15 கோடி டாலர். அதில் 7.6 கோடி பொது நிதி, 3 கோடி புதிய அரசுப் பள்ளிக்கு, 2.4 கோடி வீட்டு வசதிக்கு, 2 கோடி பணமாக இல்லாமல் சேவைகளாக. கேட்க நன்றாக இருக்கிறது. 630 கோடி டாலர் திட்டத்துக்கு இது எவ்வளவு சதவீதம் என்று கணக்குப்புலி சார் போட்டுக்கொள்ளட்டும். கையெழுத்துப் போட்ட உள்ளூர் அமைப்பு பணத்தை எப்படிச் செலவழித்தது என்று மாநில அட்டர்னி ஜெனரல் அலுவலகமே விசாரிக்கும் நிலை வந்து, பிறகு வேறு அமைப்பு வைத்து நடத்தினார்கள். பள்ளி மட்டும் உருப்படியாக வந்தது.

இதற்கெல்லாம் வேறு வழியே இல்லையா என்றால் இருக்கிறது. சிகாகோ பல்கலைக்கழகம் 1960களில் தெற்கே உட்லான் பகுதியை விழுங்கப் போனபோது அங்கிருந்த கறுப்பின மக்கள் அமைப்பாகத் திரண்டு நின்று, 61ஆம் தெருவுக்குத் தெற்கே வரமாட்டோம் என்று வாக்கு வாங்கினார்கள். அதற்குப் பிறகு அங்கே எல்லாம் இனிமையாக நடந்தது என்று சொல்லவில்லை, உட்லான் பட்ட பாடு வேறு. ஆனால் ஒரு கோடு இருந்தது, கோட்டை எல்லோரும் அறிந்திருந்தார்கள். ஹார்லெமுக்கு அப்படி ஒரு கோடு கிடைக்கவே இல்லை.

கணக்குப்புலி:
சுமார் இரண்டரை சதவீதம் வருகிறது. குறைவுதான், ஒப்புக்கொள்கிறேன்.

தாராபுரத்தான்:
ஒரு சந்தேகம். இவ்வளவு இடம் வாங்கினால் சொத்து வரியே நிறைய வருமே, அந்தக் காசில் நகரம் அந்த மக்களுக்கு ஏதாவது செய்யலாமே?

கணக்குப்புலி:
அங்கேதான் என் வாதமும் கொஞ்சம் நொண்டும். கல்விக்குப் பயன்படுத்தும் சொத்துக்கு வரி கிடையாது. கிடங்கும் பெட்ரோல் பங்கும் கட்டிய வரி, அந்த இடம் வகுப்பறை ஆனதும் நின்றுவிடும். நியூயார்க் டைம்ஸ் 2023ல் கணக்குப் போட்டது: விலாச எண்ணிக்கைப்படி பார்த்தால் நகரத்திலேயே பெரிய தனியார் நிலச்சொந்தக்காரர் கொலம்பியா, வருஷத்துக்கு 18.2 கோடி டாலருக்கு மேல் வரி மிச்சம். ஊருக்குக் கொடுத்த ஈட்டுத்தொகை மொத்தமும் ஒரு வருஷ வரி மிச்சத்தைவிடக் குறைவு.

யேல் இதில் பரவாயில்லை. நியூ ஹேவன் நகரத்துக்கு வரிக்குப் பதிலாகத் தானாகவே பணம் கொடுக்கிறார்கள். 2021ல் அதை ஏற்றி, ஆறு வருஷத்துக்கு மொத்தம் 13.5 கோடி டாலர் என்று ஒப்புக்கொண்டார்கள். அதுவும் நகரத்து மேயரும் தொழிற்சங்கங்களும் வருஷக்கணக்கில் நெருக்கியதால் வந்தது.

செவ்வந்தி:
நியூயார்க்கில் இதை மாற்ற ஒரு மசோதா வந்ததே? இப்போதைய மேயர் மம்தானி அப்போது மாநில சட்டமன்றத்தில் இருந்தபோது. அவர் அப்பா கொலம்பியாவில் பேராசிரியர், வீட்டில் சாப்பாட்டு மேஜையில் என்ன பேசிக்கொண்டார்களோ.

பாதி வக்கீல்:
ஆமாம், 2023 டிசம்பர். மேலவையில் ஜான் லியூ, கீழவையில் மம்தானி. வருஷத்துக்கு 10 கோடி டாலருக்கு மேல் வரி மிச்சமாகும் தனியார் பல்கலைக்கழகங்களுக்கு விலக்கை ரத்து செய்து, அந்தப் பணத்தை நகரத்தின் அரசுப் பல்கலைக்கழகமான கியூனிக்குக் கொடுப்பது. அந்த வரம்பில் மாட்டுவது இரண்டே பேர், கொலம்பியாவும் என்ஒய்யுவும் (நியூயார்க் பல்கலைக்கழகம்). கிரீன்விச் வில்லேஜில் என்ஒய்யு செய்த விரிவாக்கமும் 2015 வரை கோர்ட்டில் இழுத்தது, அதையும் கடைசியில் பல்கலைக்கழகம்தான் ஜெயித்தது.

ஆனால் மேயர் ஆகிவிட்டதால் அவர் கையெழுத்தில் நடந்துவிடாது. வரி விலக்கு மாநில அரசியலமைப்பிலேயே இருக்கிறது. அடுத்தடுத்துத் தேர்ந்தெடுக்கப்படும் இரண்டு சட்டமன்றங்கள் திருத்தத்தை நிறைவேற்றவேண்டும், பிறகு மாநிலம் முழுக்க மக்கள் வாக்களிக்கவேண்டும். மாநிலத்தின் மறுகோடியில் பஃபலோவில் இருப்பவர் மன்ஹாட்டன் பல்கலைக்கழகத்தின் வரியைப் பற்றி ஏன் கவலைப்படவேண்டும் என்ற கேள்வி அப்போது வரும். தனியார் பல்கலைக்கழகம் அங்கேயும் இருக்கிறது, அவர்கள் சும்மா இருப்பார்களா?

தாராபுரத்தான், பாதை விஷயத்தில் பத்திர நகல் கிடைத்தால் அதற்குத் தனி இழை போடுங்கள், பார்க்கிறேன்.